கணினிக் கடிகாரமும் பேச்சுப் பதிவும்: நேர ஒத்திசைவு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்



இலக்கணம், அகராதி, கலைச்சொல்லாக்கம் ஆகியவை பற்றிய உரைகளை இப்பொதுச் சொற்பொழிவு வரிசையில் கேட்டுப் பழகிய தங்களுக்கு இன்றைய தலைப்பு வியப்பளிக்கக்கூடும். வலையமைப்பின் வழியாகக் கணினியின் கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்க எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்பது மொழியியலார் பேச வேண்டிய பொருள்தானா என நண்பர் சிலர் எங்களைக் கேட்டனர். பேச வேண்டிய பொருளே என்பதற்கு எங்கள் களப்பணியில் நேர்ந்த ஒரு பிழை சான்றாக இருக்கிறது. அப்பிழையிலிருந்து கற்றதைத் தங்களிடம் ஒப்படைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

ஒலியைக் காலத்தால் அளப்பது தமிழுக்குப் புதிதன்று. எழுத்தொலியின் அளவாகிய மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடிப்பாலும் விளக்கியது தொல்காப்பியம். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய் அரை என்று நாம் பள்ளியிலேயே படித்தோம். விரலை நொடிக்கும் ஓசையிலிருந்து பிறந்த ‘நொடி’ என்னும் சொல்லே இன்று கடிகாரத்தின் அலகுக்கும் பெயராகியிருக்கிறது. ஆகவே, நொடியின் பகுதிகள் பிழைபட்டால் மொழியாய்வும் பிழைபடும் என்பதை இந்த அவைக்கு நீண்டு விளக்கத் தேவையில்லை.

1. நான்கு மடிக்கணினிகளும் ஒரு சுவர்க் கடிகாரமும்

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த முதியோரின் பேச்சுத்தமிழை நாங்கள் சிறு குழுவாகப் பதிவுசெய்து வந்தோம். பெரட்டு, மங்கு, பால்வெட்டு போன்ற சொற்களைப் பொருளறிந்து வழங்கும் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. சொற்களை மட்டுமன்றி, அவர்கள் ஒருவரோடொருவர் உரையாடும் முறையையும் பதிவுசெய்ய விரும்பினோம். பல தடங்களில் ஒலியைப் பதியும் கருவி வாங்க வசதியில்லை. எனவே பேசுவோர் நால்வர் எனில் நால்வர்க்கும் தனித்தனி ஒலிவாங்கி, ஒவ்வோர் ஒலிவாங்கிக்கும் ஒரு மடிக்கணினி என்று ஏற்பாடு செய்தோம். ஒவ்வொரு பதிவும் தொடங்கிய நேரத்தைக் கணினியே குறித்துக்கொள்ளும். பின்னர் அந்நேரக் குறிப்புகளைக்கொண்டு நான்கு பதிவுகளையும் இணைப்போம்.

எண்பதைக் கடந்த ஒரு பாட்டியிடம் அவருடைய நாத்தனார் அதிகாலைப் பெரட்டைப் பற்றிக் கேட்பதும் பாட்டி விடை சொல்வதும் ஒரு பிற்பகல் பதிவாயின. இணைத்த பதிவைக் கேட்டபோது, நாத்தனாரின் கேள்வி முடியுமுன்பே பாட்டியின் விடை தொடங்கிவிடுவதைக் கண்டோம். ஓரிடத்தில் அல்ல, ஏறத்தாழ எல்லா இடத்திலும் அப்படியே இருந்தது. இரு பேச்சாளர்க்கிடையே முறை மாறும்போது சராசரியாக 0.2 நொடியளவு இடைவெளி நிலவுகிறது என்று பல மொழிகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. எங்கள் பதிவிலோ விடை அரை நொடி முந்தி வந்தது. தோட்டத்து மூத்த பெண்டிரின் உரையாடலுக்குரிய தனிவழக்கு இது என மகிழ்ந்து, உறவின் நெருக்கத்தைக் காரணமாகக் காட்டிக் கட்டுரை வரைவில் ஒரு பகுதியே எழுதிவிட்டோம்.

குழுவின் இளைய உறுப்பினர் ஒருவர் பதிவை முழுமையாகக் கேட்டுவிட்டு வந்து, “ஐயா, அந்த வீட்டுல எத்தனை கடிகாரம் இருந்துச்சு?” என்று கேட்டார். ஒன்றுதான் என்றோம். “அப்படின்னா அது ஏன் நாலு தடவை மணி அடிக்குது?” என்றார். கூடத்துச் சுவர்க் கடிகாரம் மாலை 4 மணி அடித்த ஓசை நான்கு ஒலிவாங்கிகளிலும் விழுந்திருந்தது. இணைத்த பதிவில் அவ்வோசை ஒரே வேளையில் கேட்டிருக்க வேண்டும். மாறாக, நான்கு வேறு கணங்களில் கேட்டது. பாட்டியின் கணினிக்கும் நாத்தனாரின் கணினிக்கும் இடையே மட்டும் 0.7 நொடி வேறுபாடு இருந்தது. சுவர்க் கடிகாரத்தின் ஓசையை அடையாளமாகக்கொண்டு பதிவுகளை நகர்த்திப் பொருத்தியபோது, பாட்டியின் விடை கேள்வி முடிந்து 0.2 நொடி கழித்தே வந்தது. உலகத்தார் பேசுவதுபோலவே அவரும் பேசியிருந்தார். தனிவழக்கு என்று நாங்கள் எழுதியது எங்கள் கணினிகளின் வழக்கேயன்றிப் பாட்டியின் வழக்கன்று. வரைவிலிருந்து அப்பகுதியை நீக்கினோம்.

அப்பதிவு காப்பாற்றப்பட்டது. மற்றொன்றைக் காப்பாற்ற இயலவில்லை. அதே பாட்டியும் கெடாவில் வாழ்ந்த அவர் தங்கையும் தொலைபேசியில் பேசியதை இரு முனைகளிலும் தனித்தனிக் கணினிகளில் பதிந்திருந்தோம். இருவரும் ஹெட்போன் அணிந்திருந்தமையால் இரு பதிவுகளிலும் பொதுவாக விழுந்த ஓசை ஏதுமில்லை. மீண்டும் பதிவுசெய்யலாம் என்று திட்டமிட்டிருந்தோம். அதற்குள் பாட்டி மறைந்துவிட்டார். அப்பதிவு இன்று சொல்லாய்வுக்கு உதவும். உரையாடலின் கால அமைப்பை ஆராய உதவாது.

2. கணினிக் கடிகாரம் ஏன் விலகுகிறது?

கணினியின் உள்ளே இருப்பது குவார்ட்சுப் படிகத்தின் அதிர்வை எண்ணும் கடிகாரம். அப்படிகம் உற்பத்தியின் வேறுபாட்டாலும் வெப்பநிலை மாற்றத்தாலும் சற்று விரைந்தோ தாழ்ந்தோ அதிரும். பத்து இலட்சத்தில் 20 பங்கு என்னும் மிகச் சிறிய பிழைகூட ஒரு நாளில் ஏறத்தாழ 1.7 நொடியாகிவிடும், ஒரு வாரத்தில் 12 நொடியாகும். குளிரூட்டிய அறையில் சரியாக ஓடிய மடிக்கணினி, தகரக் கூரை வீட்டின் வெப்பத்தில் வேறு வேகத்தில் ஓடும்.

எங்கள் கணினிகள் அனைத்திலும் ‘நேரத்தைத் தானாகச் சரிசெய்க’ என்னும் அமைப்பு இயக்கத்தில்தான் இருந்தது. அதை நம்பியே ஏமாந்தோம். கேட்டறிய இணையம் இல்லாத தோட்டத்தில் அவ்வமைப்பு எதையும் சரிசெய்யவில்லை. சரிசெய்யவில்லை என்று எங்களுக்கு அறிவிக்கவும் இல்லை.

3. வலைவழி நேரம் கேட்கும் முறை

முல்லைப்பாட்டில் பாசறையிலிருக்கும் அரசனுக்கு நாழிகைக் கணக்கர் பொழுதறிந்து சொல்கின்றனர். இன்று அப்பணியைச் செய்வன நேர வழங்கிகள். அவற்றோடு கணினி பேசும் மொழியே என்டிபி எனப்படும் வலையமைப்பு நேர நெறிமுறை. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் மில்ஸ் இதை வகுத்தார். 1985இல் முதல் வரையறை வெளிவந்தது. இன்று வழங்கும் நான்காம் பதிப்பு 2010இல் தரப்படுத்தப்பட்டது.

நேரத்தைக் கேட்டவுடன் விடை வந்துசேர்வதில்லை. விடை வழியில் இருக்கும்போதே நேரம் கழிகிறது. இதை ஈடுசெய்ய நான்கு நேரங்கள் குறிக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, எங்கள் கணினி தன் கடிகாரப்படி 0 மில்லிநொடியில் கேள்வியை அனுப்புகிறது. வழங்கி தன் கடிகாரப்படி 730இல் அதைப் பெற்று 731இல் விடை அனுப்புகிறது. எங்கள் கணினி தன் கடிகாரப்படி 61இல் அதைப் பெறுகிறது. போகவர ஆன 61 மில்லிநொடியில் வழங்கியிடம் தங்கிய 1 மில்லிநொடியைக் கழித்தால் பயணக் காலம் 60. போகும்போது தெரிந்த வேறுபாடு 730. வரும்போது தெரிந்த வேறுபாடு 670. இரண்டின் சராசரி 700. ஆகவே எங்கள் கடிகாரம் 0.7 நொடி பின்தங்கியிருக்கிறது.

இக்கணக்கு ஓர் ஊகத்தின் மேல் நிற்கிறது. போகும் காலமும் வரும் காலமும் ஒன்றே என்பது அவ்வூகம். போக 50, வர 10 என்று வழி அமைந்தால் விடையில் 20 மில்லிநொடிப் பிழை புகும். எவ்வளவு மோசமாயினும் பிழை பயணக் காலத்தின் பாதியைத் தாண்டாது. எனவே அருகிலுள்ள வழங்கியைக் கேட்பது நன்று. மலேசியாவில் தேசிய அளவியல் நிலையம் நாட்டின் தர நேரத்தைப் பேணுகிறது. தன்னார்வலர் பலரின் வழங்கிகளைத் தொகுத்துத் தரும் என்டிபி பூல் என்னும் ஏற்பாடும் 2003 முதல் இயங்கிவருகிறது.

எத்தனை வழங்கிகளைக் கேட்க வேண்டும்? ஒன்றையே கேட்டால் அது பிழைபட்டாலும் நாம் அறியோம். இரண்டைக் கேட்டு இரண்டும் முரண்பட்டால் எது மெய் எனத் துணிய இயலாது. மூன்று இருந்தால் பெரும்பான்மை தெரியும். அவற்றுள் ஒன்று எட்டாமற்போனாலும் தீர்ப்புக் கூற நான்கு வேண்டும். ஒத்து ஒலிப்பவற்றை ‘மெய்மணி’ என்றும் மாறி ஒலிப்பவற்றைப் ‘பொய்மணி’ என்றும் வழங்கலாம் என்பது எங்கள் பரிந்துரை. ஆங்கிலத்தில் இத்துறையார் வழங்கும் பெயர்களும் ஏறக்குறைய இப்பொருளினவே.

4. தாவித் திருத்தலும் நகர்த்தித் திருத்தலும்

வேறுபாடு தெரிந்தபின் கடிகாரத்தைத் திருத்த இரு வழிகள் உள. ஒரே கணத்தில் சரியான நேரத்துக்கு மாற்றிவிடுவது தாவித் திருத்தல். கடிகாரத்தின் வேகத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ மெல்ல மெல்லச் சரியான நேரத்தை அடையச் செய்வது நகர்த்தித் திருத்தல்.

அவையிலுள்ள மூத்தோர் ஒரு பெருந்தாவலை நேரில் கண்டிருப்பீர்கள். 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளப்பட்டன. 11.30 அடுத்த கணமே 12.00 ஆனது, சபா, சரவாக் மாநிலங்களோடு நாடு முழுவதும் ஒரே நேரத்துக்கு வந்தது. சிங்கப்பூரும் உடன் மாறிற்று. அன்றிரவு 11.45 மணி என்று ஒரு பொழுது இங்கு இருந்ததே இல்லை. ஒரு குறிப்பேட்டில் அப்படி எழுதப்பட்டிருந்தால் எழுதியவர் பழைய கடிகாரத்தைப் பார்த்தார் என்று பொருள்.

கணினியிலும் அவ்வாறே. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது கடிகாரம் தாவினால் நேரக் குறிப்பில் இடைவெளியோ, ஒரே நேரம் இருமுறை வருதலோ நேரும். பின்னோக்கித் தாவினால், பின்னர்ப் பேசியது முன்னர்ப் பேசியதாகப் பதிவாகும். எனவே ஒரு மென்பொருளை எடைபோடும்போது, அது எவ்வளவு துல்லியமானது என்பதோடு, எப்போது தாவும், எப்போது நகர்த்தும் என்பதையும் கேட்க வேண்டும்.

5. மென்பொருள்களின் இயல்பு

முதலாவது, என்டிபிடி. மில்ஸ் அவர்களின் குழுவிலிருந்து வளர்ந்த மூல மென்பொருள் இது. பலவகை அணுக் கடிகாரங்களையும் செயற்கைக்கோள் ஏற்பிகளையும் நேரடியாக இணைக்கவல்லது. 128 மில்லிநொடிக்கு மேற்பட்ட வேறுபாடு நீடித்தால் இயல்பாகத் தாவும். நகர்த்தும்போது 1 நொடியைச் சரிசெய்ய ஏறத்தாழ 33 நிமிடம் கொள்ளும். ஓயாது இயங்கும் வழங்கிக்கு இது பொருத்தம். காலையில் திறந்து மாலையில் மூடும் மடிக்கணினிக்கு மந்தமானது. இதன் நிரல்தொகுப்பைக் குறைத்துப் பாதுகாப்பை வலுப்படுத்திய கிளையே என்டிபிசெக்.

இரண்டாவது, குரோனி. ரிச்சர்ட் கர்னோ 1990களில் தொடங்கியது. விட்டுவிட்டுக் கிடைக்கும் இணைப்பையும் அடிக்கடி அணைக்கப்படும் கணினியையும் கருதியே அமைந்தது. படிகத்தின் விலகல் வேகத்தைக் கணித்துக் கோப்பில் எழுதிவைப்பதால், இணைப்பு இல்லாதபோதும் அக்கணிப்பின்படி கடிகாரத்தைத் திருத்திக்கொண்டிருக்கும். நகர்த்தும்போது 1 நொடியை 12 நொடியளவில் சரிசெய்யவல்லது. தொடக்கத்தில் மட்டும் தாவுக, பின்னர் ஒருபோதும் தாவற்க என்று கட்டளையிட முடியும். ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் வெளியீட்டில் 7ஆம் பதிப்பு முதல் இதுவே இயல்பு. விண்டோசில் இது இயங்குவதில்லை.

மூன்றாவது, ஓப்பன்என்டிபிடி. ஓப்பன்பிஎஸ்டி திட்டத்தார் எளிமையையும் பாதுகாப்பையும் முதன்மையாகக்கொண்டு உருவாக்கியது. மிகுந்த துல்லியம் வேண்டாத, அமைப்புக்கோப்பு சில வரிகளில் அடங்க வேண்டும் என்று விரும்புவோர்க்கு ஏற்றது.

நான்காவது, பல லினக்ஸ் கணினிகளில் உடன்வரும் சிஸ்டம்டி டைம்சின்க்டி. ஒரு நேரத்தில் ஒரு வழங்கியை மட்டுமே கேட்கும். பொய்மணியை அடையாளம் காணாது. பிற கணினிகளுக்கு நேரம் வழங்காது. மின்னஞ்சல் பார்க்கவும் கட்டுரை எழுதவும் பயன்படும் கணினிக்கு இதுவே போதும்.

ஐந்தாவது, விண்டோசின் நேரச் சேவை. அலுவலக வலையமைப்பில் புகுபதிகைச் சரிபார்ப்புக்கு உதவவே முதலில் அமைக்கப்பட்டது. அச்சரிபார்ப்பு இயல்பாக 5 நிமிட வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும். அலுவலகத்தைச் சாராத தனிக் கணினிகளில் இச்சேவை நெடுங்காலம் வாரம் ஒருமுறையே நேரம் கேட்டுவந்தது. துல்லியம் வேண்டுவோர் விண்டோசில் என்டிபிடியை நிறுவிக்கொள்ளலாம்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். பழைய முறையில் நேரம் சொல்பவர் உண்மையில் யார் என்பதைக் கணினி சரிபார்ப்பதில்லை. வழங்கியின் அடையாளத்தை மறையீட்டின் துணையால் உறுதிசெய்யும் முறை 2020இல் தரப்படுத்தப்பட்டது. குரோனியும் என்டிபிசெக்கும் அதை ஏற்கின்றன. நீதிமன்றத்திலோ ஆவணக் காப்பகத்திலோ சான்றாக நிற்க வேண்டிய பதிவுகளுக்கு இது தேவை.

6. எங்கள் தேர்வு

எங்களுக்கு வேண்டியவற்றை முதலில் எழுதிக்கொண்டோம். தோட்டத்தில் இணையம் இராது. நான்கு கணினிகளும் உலக நேரத்தோடு ஒத்திருப்பதைவிடத் தம்முள் ஒத்திருப்பது முதன்மையானது. பதிவின் நடுவே கடிகாரம் தாவக்கூடாது. கடிகாரம் எவ்வளவு சரியாக இருந்தது என்பதற்குச் சான்று எஞ்ச வேண்டும். இந்நான்கையும் நிறைவேற்றியது குரோனி. ஆகவே களக் கணினிகளை லினக்சுக்கு மாற்றி அதனையே தேர்ந்தோம்.

இன்று எங்கள் நடைமுறை இது. புறப்படுமுன் தங்கும் விடுதியிலேயே நான்கு கணினிகளையும் இணையத்தில் இணைத்து, நான்கு வழங்கிகளிடம் நேரம் பெறச் செய்கிறோம். களத்தில் சிறிய ரூட்டர் ஒன்றைத் திறந்து, ஒரு மடிக்கணினியை மற்ற மூன்றுக்கும் நேர வழங்கியாக ஆக்குகிறோம். இணையம் இல்லாதபோதும் தன் கடிகாரத்தையே கொண்டு நேரம் வழங்குமாறு குரோனியைப் பணிக்க முடியும். மூன்றும் ஒத்திசைந்துவிட்டன என்று அதன் அறிக்கையில் கண்ட பின்னரே பதிவைத் தொடங்குகிறோம். விரைந்து நகர்த்தும் அந்தச் சில நொடிகளில் கடிகாரம் இயல்பு மீறி ஓடுமாதலால், பொறுத்திருந்து தொடங்குவது தேவை. அறிக்கையின் படியை ஒலிக்கோப்போடு சேர்த்துக் காப்பகத்தில் வைக்கிறோம்.

மென்பொருள் செய்ய இயலாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒலியை மாதிரியெடுக்கும் அட்டைக்குத் தனிப் படிகம் உண்டு. குரோனி அதைத் திருத்துவதில்லை. ஒரு மணி நேரப் பதிவில் இரு கணினிகளின் ஒலித்தடங்கள் சில நூறு மில்லிநொடிகூட விலகக்கூடும். எனவே பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் எல்லா ஒலிவாங்கிகளுக்கும் கேட்குமாறு ஒருவர் கை தட்டுகிறார். இரு தட்டல்களுக்கு இடையேயுள்ள நீளத்தை ஒப்பிட்டு விலகலைக் கணக்கிடுகிறோம். சுவர்க் கடிகாரம் அன்று தற்செயலாகச் செய்த உதவியை இன்று நாங்கள் வேண்டுமென்றே செய்கிறோம்.

நேர ஒத்திசைவையும் நேர வலயத்தையும் குழப்பிக்கொள்ளாதிருக்கவும் வேண்டும். வழங்கி தருவது உலகப் பொது நேரம். அதற்கு மேல் 8 மணியைக் கூட்டி மலேசிய நேரமாகக் காட்டுவது கணினியின் வேறொரு பகுதி. ஒரே மடிக்கணினியில் விண்டோசும் லினக்சும் இருந்தால், தாய்ப்பலகைக் கடிகாரத்தை ஒன்று உள்ளூர் நேரமாகவும் மற்றொன்று உலக நேரமாகவும் கொள்வதால் சரியாக 8 மணி வேறுபாடு தோன்றும். அப்போது மென்பொருளைப் பழிக்காமல் அமைப்பைத் திருத்துக. காப்பகக் குறிப்பில் உலக நேரத்தையே எழுதி, வலயத்தைத் தனியே குறிப்பது நன்று. 1933க்கும் 1982க்கும் இடையே இந்நாட்டின் நேரம் பலமுறை மாறியிருக்கிறது; ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரமே இங்கு வழங்கியது. வருங்காலத்திலும் மாறாது என்று யாரும் உறுதி கூற இயலாது.

முடிவுரை

எந்த மென்பொருள் சிறந்தது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. வீட்டுக் கணினிக்கு உடன்வருவதே போதும். நிறுவனத்தின் ஓயா வழங்கிக்கு என்டிபிசெக் அல்லது குரோனி. இணையமற்ற களத்துக்குக் குரோனி. இவற்றுள் எதைத் தேர்ந்தாலும், அது இயங்குகிறதா என்பதைப் பதிவுக்கு முன் கண்ணால் பார்த்தறிய வேண்டும். எங்கள் பிழை மென்பொருளைத் தவறாகத் தேர்ந்ததால் நேர்ந்ததன்று. ஏதோ ஒன்று பார்த்துக்கொள்கிறது என்று எண்ணித் தேர்ந்தெடுக்காமலேயே இருந்ததால் நேர்ந்தது.

அவையிலுள்ள இளம் ஆய்வாளர்கள் முதியோரின் பேச்சைப் பதிவுசெய்யச் செல்லும்போது இதனை நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறோம். எழுத்துப் பிழையைப் பின்னர்த் திருத்தலாம். ஒலியின் இரைச்சலையும் ஓரளவு நீக்கலாம். நேரம் பிழைபட்ட பதிவைத் திருத்தப் பேசியவரிடமே திரும்பிச் செல்ல வேண்டியிருக்கும். எங்களுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அக்காளும் தங்கையும் தொலைபேசியில் பேசிய அந்தப் பதிவு, கால அமைப்பு ஆய்வுக்கு ஏற்றதன்று என்ற குறிப்போடு எங்கள் காப்பகத்தில் இருக்கிறது. தங்கள் பதிவுகளுக்கு அத்தகைய குறிப்பு எழுத நேராதிருக்கட்டும்.